சொன்னதைச் செய்யும் இயந்திரமும் சொல்லாமல் விட்ட மனிதரும்



உங்கள் இல்லத்தில் கணிப்பொறித் துறையில் பணியாற்றும் மகனோ மகளோ இருந்தால், இந்தக் காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். இரவு பதினொரு மணி. தட்டில் வைத்த இடியாப்பம் ஆறிப்போய்க் கிடக்கிறது. பிள்ளையோ திரையை உற்று நோக்கியபடி அமர்ந்திருக்கிறான். 'சாப்பிட வா' என்றால் பதில் இல்லை. இரண்டாம் முறை அழைத்தால் சீறி விழுகிறான். 'மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இத்தனை கோபமா?' என்று தாய் முணுமுணுக்கிறாள்.

செட்டியார்பட்டியில் என் தமக்கையின் வீட்டில் அடிக்கடி நடப்பது இது. சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்திற்காக வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறான் அவள் மகன். இவ்வேலை எங்கள் பகுதிக்கு இன்று புதியதன்று. ராஜபாளையத்தில் நூற்பாலையில் தொடங்கி வளர்ந்த ராம்கோ குழுமத்திலிருந்து 1997இல் ராம்கோ சிஸ்டம்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனம் பிறந்தது. தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தார் அலுவலகம் அமைத்திருக்கின்றனர். வேலை நம் வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால் அந்த வேலையின் வருத்தம் என்னவென்பதுதான் இன்னும் நம் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை.

நானும் என் தமக்கையின் கட்சியில்தான் இருந்தேன். வெயிலில் களையெடுப்பவர்களும் நாளெல்லாம் தறியில் நிற்பவர்களும் வாழும் மண்ணில், உட்கார்ந்து சம்பாதிப்பவனுக்கு என்ன சலிப்பு என்றே எண்ணினேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு சிறு கணக்கு.

நான் கேட்ட சிறு உதவி

மதரஸாவில் மாணவர்களுக்கு வாரிசுரிமைப் பங்கீடாகிய ஃபராயிள் பாடத்தைக் கற்பிப்பது என் பணிகளுள் ஒன்று. மாணவர்கள் போட்ட கணக்கைச் சரிபார்க்க ஒரு சிறு மென்பொருள் இருந்தால் நன்றாயிருக்குமே எனத் தோன்றியது. மருமகனிடம் கேட்டேன். இத்துறைக்கும் இப்பாடத்திற்கும் உறவு பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலின் இறுதிப் பகுதி, வஸிய்யத்தையும் வாரிசுரிமையையும் பற்றிய கணக்குகளால் ஆனது. கணிப்பொறித் துறையினர் நாள்தோறும் உச்சரிக்கும் 'அல்காரிதம்' என்னும் சொல் அவருடைய பெயரிலிருந்தே வந்தது.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்றேன். "விதிகளைச் சொல்லுங்க மாமா, ஒரு வாரத்தில் முடிச்சிடலாம்" என்றான். கணவனுக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு, மகனுக்கு மகளைப்போல் இரு பங்கு என்று சொல்லிக்கொண்டே போனேன். அவனும் எழுதிக்கொண்டான். ஒரு வாரத்தில் காட்டினான். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்று கொடுத்தோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதம் மகனுக்கும் மகளுக்கும் இரண்டுக்கு ஒன்றென வந்தது. மகிழ்ந்தேன்.

அடுத்த நொடியே கேட்டேன்: "இறந்தவருக்குக் கடன் இருந்தால்?"

அவன் என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லவே இல்லையே மாமா."

"இதைக்கூடவா சொல்ல வேண்டும்? அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத். இவை போக எஞ்சியதுதானே வாரிசுகளுக்கு! மனைவிக்குக் கொடுக்காமல் வைத்த மஹரும் கடன்தானே!"

"உங்களுக்குத் தெரியும். மிஷினுக்குத் தெரியாதே. சொன்னதைத்தான் அது செய்யும், நினைச்சதைச் செய்யாது."

பாதி வேலையைக் கலைத்துவிட்டு மீண்டும் எழுதினான். மென்பொருள் எழுதுவோரின் முதல் வருத்தம் இதுதான். வேலை கொடுப்பவர் தம் மனத்தில் உள்ளதையெல்லாம் சொல்லிவிட்டதாகவே நம்புகிறார். முடித்துக் காட்டியபின்தான் சொல்லாமல் விட்டது அவருக்கு நினைவுக்கு வருகிறது. வீடு கட்டி முடித்தபின் கிணற்றைக் கூடத்திற்கு நடுவே மாற்றச் சொன்னால் கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார். இவர்களால் அதுவும் முடியாது. செய்த மாற்றம் வெளியே தெரிவதும் இல்லை.

அத்தோடு நான் நின்றேனா? இறந்தவர் ஒரு பெண். ஆறு லட்சம் விட்டுச் சென்றார். வாரிசுகள் கணவரும் உடன்பிறந்த சகோதரியர் இருவரும் மட்டுமே என்று ஒரு கணக்கைக் கொடுத்தேன். கணவருக்குப் பாதியென மூன்று லட்சம், சகோதரியர்க்கு மூன்றில் இரண்டென நான்கு லட்சம் என்றது திரை. இல்லாத ஒரு லட்சத்தைக் கணிப்பொறி தாராளமாக வழங்கிவிட்டது! இங்கே பங்குகளை ஏழாக்கி, கணவருக்கு மூன்றும் சகோதரியர்க்கு நான்கும் தரவேண்டும். 'அவ்ல்' எனப்படும் இவ்விதியையும் நான் சொல்லியிருக்கவில்லை. ஒரு வாரம் என்று தொடங்கிய வேலை இரண்டு மாதம் ஆயிற்று.

இரண்டு இரவும் ஓர் எழுத்தும்

ஒரு நாள் ஒரு குடும்பத்தின் கணக்கில் கடைசிப் பெயருக்கு எதிரே பங்கு வரவில்லை. வேறு குடும்பங்களைக் கொடுத்தால் சரியாக வந்தது. இரண்டு இரவுகள் தேடினான். இறுதியில் அவன் மாற்றியது ஒரே ஓர் எழுத்து! நாம் 1இலிருந்து எண்ணுகிறோம். பெரும்பாலான கணிப்பொறி மொழிகள் 0இலிருந்து எண்ணுகின்றன. அந்த ஒன்றின் வேறுபாட்டில், ஒரு குறிப்பிட்ட வகையான பட்டியலில் மட்டும் கடைசி வாரிசு விடுபட்டிருந்தார். நாங்கள் எப்போதும் மகள்களின் பெயரைக் கடைசியிலேயே எழுதியிருந்தோம். ஆகவே விடுபட்டது மகள்! இயந்திரம் அறியாமல் செய்ததை நம் வீடுகளில் சிலர் அறிந்தே செய்கிறார்களே என்று எண்ணிக்கொண்டேன்.

"ரெண்டு நாளா ராவெல்லாம் முழிச்சு என்னதான்டா செஞ்ச?" என்று தமக்கை கேட்டாள். "ஓர் எழுத்தை மாத்தினேம்மா" என்றான். அவள் சிரித்துவிட்டாள். அவன் முகம் வாடியதை நான் கண்டேன்.

சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் மருத்துவத்துணி நெய்பவரைக் கேளுங்கள். இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைக் கண்டு முடிச்சிட்டுத் தொடர்வார். அறுந்த இழை கண்ணுக்குத் தெரியும். மென்பொருளில் அறுந்த இழை தெரியாது. துணி முழுதும் நெய்யப்பட்டு, யாரோ ஒருவர் உடுத்திய பிறகுதான் கிழிசல் தெரியும்.

இப்படிப்பட்ட பிழையை இவர்கள் 'பக்' என்பார்கள். பூச்சி என்று பொருள். இயந்திரக் கோளாற்றுக்கு அச்சொல் பழையதே. ஆயினும் 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' கணிப்பொறிக்குள் மெய்யாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அக்குழுவில் இருந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் பின்னாளில் இச்செய்தியைப் பலரிடமும் சொல்லிப் புகழ்பெறச் செய்தார். எல்லாப் பிழையும் அப்படிக் கையில் எடுத்து ஒட்டக் கூடியதாக இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இன்னொரு வருத்தம், பிறர் எழுதி வைத்துவிட்டுப் போனதைச் சுமப்பது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். எதற்காக எழுதினார் என்ற குறிப்பும் இராது. தொட்டால் என்ன உடையுமோ என்ற அச்சத்தோடு அதன்மேல் வேலை செய்யவேண்டும். ஐரோப்பிய நாடுகள் 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஏவிய ஏரியான் 5 என்னும் ராக்கெட், கிளம்பி ஏறத்தாழ 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. முந்தைய ஏரியான் 4இல் குறையின்றி உழைத்த மென்பொருளின் ஒரு பகுதியை அப்படியே இதிலும் வைத்திருந்தனர். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். 32,767க்கு மேற்பட்ட எண்ணை ஏற்க முடியாத இடத்தில் அதைவிடப் பெரிய எண் வந்து விழுந்தது. ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பியபின் அந்தக் கணக்கே தேவையில்லை என்பதுதான் வேதனை.

கடிகாரத்தோடு போராட்டம்

2025ஆம் ஆண்டு ரமளானில் நடந்ததைச் சொல்கிறேன். நியூயார்க்கில் இருக்கும் வாடிக்கையாளருடன் அவனுக்கு நாள்தோறும் பேச்சு; அவர்களுக்குக் காலை 9 மணி, நமக்கு இரவு 7.30. நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு அமர்வான். மார்ச் 9ஆம் நாள் அமெரிக்கர்கள் வழக்கம்போல் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். மறுநாள் முதல் அவர்களுடைய காலை 9 மணி நமக்கு மாலை 6.30 ஆயிற்று. எங்கள் ஊரில் அந்நாட்களில் சூரியன் மறைவதும் ஏறக்குறைய அந்நேரமே! பாங்கொலி கேட்கும்போது ஒலிவாங்கியை அடைத்துவிட்டுப் பேரீச்சம்பழத்தைக் கடித்து, நோன்புக் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, 'ஆம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவர்கள் வேண்டுமென்று செய்ததன்று. சொன்னால் மாற்றித் தந்திருப்பார்களோ என்னவோ, இவனும் சொல்லவில்லை.

வேலை பிந்தினால் ஆட்களைக் கூட்டுவது பல நிறுவனங்களின் வழக்கம். பிந்திய மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் அது மேலும் பிந்தும் என்று ஃபிரெட் புரூக்ஸ் என்பவர் 1975இலேயே எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவரின் நேரம் கரைந்துவிடும். மதரஸாவில் இருக்கும் எனக்கு இது எளிதில் விளங்கியது. ஒரு மாணவர் மூன்றாண்டுகளில் முடிக்கும் ஹிஃப்ழை, மூன்று மாணவரிடம் பத்துப் பத்து ஜுஸ்உவாகப் பிரித்துக் கொடுத்து ஓராண்டில் ஒரு ஹாஃபிழை உருவாக்க முடியுமா?

ஒரு பைசா எங்கே போயிற்று?

இனி நான் சொல்லப் போவதைத்தான் நீங்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். ஒரு லட்ச ரூபாயை மூன்று மகன்களுக்குப் பங்கிட்டோம். ஆளுக்கு 33,333 ரூபாய் 33 பைசா. கூட்டினால் 99,999 ரூபாய் 99 பைசா. ஒரு பைசாவைக் காணவில்லை! "போகட்டும், ஒரு பைசாதானே" என்றேன். அவன் விடவில்லை. "ஒரு பைசா எங்கே போச்சுன்னு தெரியாத புரோகிராமை நம்பி யாரையும் திருடன்னு சொல்லிடுவாங்க மாமா" என்றான். பிறகு பிரிட்டனில் நடந்ததைச் சொன்னான்.

அந்நாட்டு அஞ்சல் துறை, 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருளை வைத்தது. அதை உருவாக்கியது ஃபுஜிட்சு நிறுவனம். கிளை அஞ்சலகங்களை நடத்திய எளிய மனிதர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டத் தொடங்கியது. 'நாங்கள் எடுக்கவில்லை, இயந்திரம் தவறாகச் சொல்கிறது' என்று அவர்கள் மன்றாடினார்கள். கேட்பார் இல்லை. 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அவர்களுள் தெற்காசிய வம்சாவளியினர் பலர். இல்லாத குறைவை ஈடுசெய்ய வீட்டை இழந்தவர்கள் உண்டு. சிறை சென்றவர்கள் உண்டு. அவமானம் தாளாது உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில்தான் உயர்நீதிமன்றம் உரைத்தது. 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கியது. அதற்குள் கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது.

பிழை எந்த மென்பொருளிலும் வரும். அந்த மனிதர்களை அழித்தது பிழை மட்டுமன்று. 'எங்களிடம் பிழை இருக்கலாம்' என்று வாய் திறந்து சொல்ல அத்துறைக்கு மனம் வராததுதான்.

என் மருமகனின் சிடுசிடுப்பை அதன்பிறகு நான் வேறு கண்ணோடு பார்க்கலானேன். நாள் முழுதும் தன் தவறைத் தானே தேடிக்கொண்டிருப்பவன் அவன். நம்மில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? பிறர் தவறைத் தேடுவதில் நமக்கு அலுப்பே வருவதில்லை. தன் தவறைத் தேடுகிறவனுக்கு அலுப்பு வரத்தான் செய்யும்.

நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவும் இன்று வந்துவிட்டது. மருமகனும் அதைப் பயன்படுத்துகிறான். ஆனால் 'முதலில் கடனைக் கழி' என்று அதற்கும் யாரேனும் சொல்லியாக வேண்டும். அது எழுதியது சரிதானா என்று யாரேனும் விழித்திருந்து பார்த்தாக வேண்டும்.

எனவே, தாய்மார்களே, தந்தையரே! உங்கள் பிள்ளை 'இன்று ஒரு வரிதான் மாற்றினேன்' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். 'என் தவறுதான்' என்று சொல்லிக்கொண்டு வந்தால் ஏசாதீர்கள். வீட்டில் தவறை ஒப்புக்கொண்டு அடி வாங்கிய பிள்ளை, அலுவலகத்தில் தவறை மறைக்கவே கற்றுக்கொள்ளும். அந்த மறைப்பின் விலையை எங்கோ முகமறியாத ஒருவர் செலுத்துவார். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் சினம் இயந்திரத்தின் மேல் இருக்கட்டும். இடியாப்பத்தை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பவள் மேல் வேண்டாம்.

அந்த மென்பொருளை இப்போது என் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். சென்ற மாதம் ஒரு மாணவர் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். இறந்தவருக்குத் தாய் இல்லை; பாட்டி இருக்கிறார்; பாட்டியின் பெயரைக் கொடுக்கவே திரையில் இடமில்லை. மருமகனிடம் சொன்னேன். "என் தவறுதான் மாமா, ராத்திரிக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றான்.

பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த வாரிசுப் பட்டியலிலேயே பாட்டி இல்லை. "உன் தவறில்லை, என் தவறு" என்றேன். அப்படிச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.