அரிட்டாபட்டி: சீனாவின் டங்ஸ்டனுக்கும் மேலூர் வயலுக்கும் என்ன சம்பந்தம்?

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், மேலூர் பக்கம் இருக்கிறது அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், அவற்றைச் சுற்றி ஏரிகள், ஊற்றுகள், வயல்கள். 2024 நவம்பரில் ஒரே நாளில் இந்த ஊர் தேசியச் செய்தியானது. காரணம், டங்ஸ்டன்.

ஏலம் ரத்தாகிவிட்டது, பிரச்சினையும் முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த விவகாரம் எழுப்பிய முக்கியமான கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது: ஒரு ஊரின் நிலத்தை என்ன செய்வது என்று முடிவு செய்வது யார்?

என்ன நடந்தது?

மேலூர் வட்டாரத்தில் 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேர், அதாவது சுமார் 5,000 ஏக்கர் பரப்பு ஏலத்துக்கு வந்தது. வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானதாக 2024 நவம்பர் 7 அன்று மத்திய சுரங்கத் துறை அறிவித்தது.

ஹிந்துஸ்தான் ஜிங்க் ஒரு காலத்தில் பொதுத்துறை நிறுவனம். தாராளமயக் கொள்கையின் தொடர்ச்சியாக 2002-ல் அதன் நிர்வாகம் தனியார் கைக்குப் போனது.

டங்ஸ்டன் எதுக்கு?

பழைய குண்டு பல்புக்குள் ஒளிர்ந்த மெல்லிய கம்பிதான் டங்ஸ்டன். உருக 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் தேவை. அதனால் உலோகம் வெட்டும் கருவிகள், பாறை துளைக்கும் முனைகள், ராணுவத் தளவாடங்கள் எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

உலக உற்பத்தியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிடம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவுடன் வரிச் சண்டை முற்றியபோது, டங்ஸ்டன் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு விதித்தது. ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து என்று எல்லா நாடுகளும் சொந்த மண்ணில் தேட ஆரம்பித்துவிட்டன. இந்தியாவும் அந்த வரிசையில் இருக்கிறது.

ஏலம் விட்டது மத்திய அரசா, மாநில அரசா?

2023-ல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டப்படி, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே. வருவாய் மாநிலத்துக்கு. முடிவு ஓரிடத்தில், விளைவு வேறிடத்தில்.

ஏலம் நடந்த மாதங்களில் தமிழக அரசு எதிர்க்கவில்லை என்றது மத்திய அரசு. 2023 அக்டோபரிலேயே எதிர்த்துக் கடிதம் எழுதினோம் என்றது தமிழக அரசு. இரண்டு அரசுகளும் மாறி மாறிக் குற்றம்சாட்ட, ஊர் மக்களிடம் யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை.

மக்கள் ஏன் எதிர்த்தார்கள்?

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகளில் 193 ஹெக்டேர் பரப்பு 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ராசாளிப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி இங்கே வாழ்கின்றன. சமணர் படுக்கைகளும், 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான தமிழிக் கல்வெட்டுகளும், பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உண்டு.

இன்னொன்று சோறு. பெரியாற்றுத் தண்ணீரையும் ஏரிகளையும் நம்பி விவசாயம் நடக்கும் பகுதி இது. நிலம் போனால் பட்டாதாரருக்கு இழப்பீடு வரும். ஆனா நாத்து நடுற, களை எடுக்கிற, ஆடு மேய்க்கிறவங்க கையில் பட்டா ஏது? சுரங்கத்தில் அவர்களுக்கு வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

மேலூர்க்காரர்களுக்கு முன் அனுபவமும் உண்டு. கிரானைட் குவாரிகள் குன்றுகளைத் தின்றதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த முறைகேடுகளை விசாரிக்க 2014-ல் ஐஏஎஸ் அதிகாரி சகாயத்தை உயர் நீதிமன்றம் நியமித்தது.

எப்படி ரத்தானது?

கிராம சபைகளில் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதியிலிருந்து விவசாயிகள் மதுரை தல்லாகுளம் வரை பேரணி வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராடியவர்களில் 11,608 பேர் மீது பதிவான வழக்குகளைத் தமிழக அரசு வாபஸ் பெற்றது.

கிராம சபை சொன்னால் செல்லுமா?

ஒடிசாவின் நியமகிரி மலையில் வேதாந்தாவின் பாக்சைட் திட்டத்தை 2013-ல் 12 கிராம சபைகள் நிராகரித்தன. திட்டம் நின்றது. ஆனால் அங்கே பழங்குடியினரின் வன உரிமைச் சட்டம் துணையாக இருந்தது. உச்ச நீதிமன்றமே கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது.

அரிட்டாபட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இங்கே கிராம சபைத் தீர்மானம் மக்களின் குரல்தான், தடை உத்தரவு அல்ல. ஏலத்தை நிறுத்தியது தெருவில் திரண்ட கூட்டமும் அதன் அரசியல் அழுத்தமும்தான்.

இனி என்ன?

இப்படிப்பட்ட ஊர்களுக்குச் சட்டப்படி இருந்த ஒரே பெரிய வாசல், சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு அதிலிருந்தும் விலக்கு கொடுத்தது. தமிழக அரசு அதை எதிர்த்தது.

செல்போனும் மின்வாகனமும் வேண்டும் என்றால் கனிமம் வேண்டும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உலகச் சந்தைக்கு அவசரம் என்பதற்காக உள்ளூர்க்காரரிடம் கேட்கும் ஒரு கூட்டத்தையும் நீக்கிவிட்டால், அடுத்த ஊருக்கு மிஞ்சுவது பேரணியும் வழக்கும்தான். மேலூர் அளவுக்கு ஆள் திரட்ட முடியாத ஊர் என்ன செய்யும்?