மைக்ரோவேவ் கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டதா? வீட்டிலேயே எதுவரை சரிசெய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

ஆபீஸ் கிளம்பும் அவசரம். ஃபிரிட்ஜில் இருந்த சாம்பாரைச் சூடாக்கலாம் என்று மைக்ரோவேவ் கதவை இழுத்தால், கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிடுகிறது. லைட் எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சூடும் ஆகிறது. ஆனால் கதவைத் திறக்கப் பிடிமானம் இல்லை. ‘சரி, பார்த்துக்கலாம்’ என்று கத்தியையோ கரண்டிக் காம்பையோ கதவு இடுக்கில் விட்டு நெம்புகிறோம். கைப்பிடி உடைந்ததால் வராத ஆபத்து, இப்படி நெம்புவதால் வரலாம்.

கைப்பிடி வேறு, கதவு வேறு

கைப்பிடி என்பது இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. பாதுகாப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கதவு அப்படி இல்லை. மைக்ரோவேவ் அலையின் அலைவெண் 2,450 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 12 செ.மீ. கதவுக் கண்ணாடியில் தெரியும் உலோக வலையின் துளைகள் அதைவிட மிக மிகச் சிறியவை. அதனால் வெளிச்சம் வெளியே வரும், மைக்ரோவேவ் வராது.

கதவின் உள்பக்க ஓரத்தைச் சுற்றி ஒரு பள்ளமும் உண்டு. இதற்கு ‘சோக்’ என்று பெயர். அலைநீளத்தின் கால் பங்கைக் கணக்கிட்டு இதை வடிவமைக்கிறார்கள். கதவு இடுக்கு வழியாகக் கசியப் பார்க்கும் அலையை இது திருப்பி அனுப்பிவிடும். கத்தியால் நெம்பி இந்த ஓரம் வளைந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும்.

கதவில் கொக்கி போல நீட்டிக்கொண்டிருக்கும் ‘லாட்ச்’ மூன்றாவது விஷயம். கதவை மூடியதும் அது உள்ளே போய் இன்டர்லாக் சுவிட்சுகளை அழுத்தும். திறந்த நொடியில் அலை உற்பத்தி நிற்பது இவற்றால்தான்.

மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பிறகு கதவைத் திறந்து பாருங்கள். கண்ணாடியில் விரிசல், உலோக வலையில் கிழிசல், ஓரத்தில் நெளிவு, லாட்சில் உடைசல், கீலில் ஆட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சரிசெய்யும்வரை அடுப்பையும் ஓட்ட வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால், அடுப்பின் பின்புறமோ கதவுச் சட்டத்திலோ உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘பார்க்க அதே மாதிரிதானே இருக்கு’ என்று வாங்கினால் ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி பொருந்தாமல் போகும். மாடல் எண்ணைச் சொல்லியே ஸ்பேர் கேளுங்கள். வாரண்டி இருந்தால் முதலில் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். நீங்களே கழற்றினால் வாரண்டி போய்விட வாய்ப்புண்டு.

மாற்றுவது எப்படி?

சில மாடல்களில் கைப்பிடியின் ஸ்க்ரூ வெளியிலேயே தெரியும், அல்லது சின்ன மூடிக்குள் இருக்கும். இது ஐந்து நிமிட வேலை. வேறு பல மாடல்களில் கதவின் உள்பக்கத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பின்னால் ஸ்க்ரூ மறைந்திருக்கும். அந்தச் சட்டம்தான் சோக் பள்ளத்தை மூடியிருப்பது. எனவே மேனுவலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கதவைப் பிரிப்பதைச் சர்வீஸ் ஆட்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்று அதில் இருந்தால் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

அப்படித் தடை இல்லையென்றால், பழைய ஏ.டி.எம். கார்டு போன்ற பிளாஸ்டிக் துண்டை ஓரத்தில் விட்டு, கிளிப் கிளிப்பாக மெதுவாக விடுவியுங்கள். உலோகக் கருவி வேண்டாம். பழைய கைப்பிடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, புதியதைப் பொருத்துங்கள். இரண்டு ஸ்க்ரூவையும் பாதி முறுக்கி, கைப்பிடி நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முழுதாக முறுக்குங்கள். ரொம்ப இறுக்கினால் புது கைப்பிடியும் விரிசல் விடும். கடைசியாகச் சட்டத்தை எல்லா கிளிப்பும் ‘டக்’கென்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

கதவு ஆட்டமில்லாமல், இடைவெளி இல்லாமல் மூடுகிறதா என்று பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நடுவில் கதவைத் திறந்தால் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். செல்போனை உள்ளே வைத்து ரிங் அடித்துப் பார்க்கும் ‘டெஸ்ட்’டை நம்ப வேண்டாம். கசிவை மீட்டரால்தான் அளக்க முடியும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதிக்கும் அதிகபட்சக் கசிவு, அடுப்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில் சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்.

இவற்றைச் செய்யவே வேண்டாம்

கதவில் புதிதாகத் துளை போட்டு, அலமாரிக் கைப்பிடியைப் போல்ட் போட்டு மாட்டாதீர்கள். உலோக வலையைத் துளைத்தால் அது கதவையே கெடுத்த மாதிரி. பசை போட்டு ஒட்டினாலும் தினமும் இழுக்கும் இழுப்புக்கு நெடுநாள் தாங்காது. வழிந்த பசை லாட்ச் பக்கம் போனால் இன்னொரு தலைவலி.

அடுப்பின் வெளிக்கூட்டை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது மிச்சமிருக்கலாம். உயிரைப் பறிக்க அது போதும். கைப்பிடி மாற்ற வெளிக்கூட்டைத் தொடவேண்டிய தேவையே இல்லை.

ஸ்பேர் வரும்வரை என்ன செய்வது?

கதவின் வெளிமுகத்தில் மட்டும் அகலமான டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரு முனையை மடித்து இழுப்பான் போல விடலாம். டேப் கதவு இடுக்குக்குள் மடங்கிவிடக் கூடாது. கதவு வராமல் அடம்பிடித்தால் அடுப்பை விட்டுவிடுங்கள். கேஸ் அடுப்பு இருக்கவே இருக்கிறது.

‘அந்த மாடல் இப்ப வர்றதில்ல, புதுசு வாங்கிக்குங்க’ என்று சொன்னால் அங்கேயே விட்டுவிட வேண்டியதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய இணையதளத்தின் கீழ் வீட்டு உபயோகப் பொருட்களும் வருகின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் கேட்கலாம். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக நன்றாக ஓடும் அடுப்பைக் காயலான் கடையில் போட வேண்டிய அவசியமில்லை.