ஸ்பேனரை எடுக்கும் முன் அளவுகோலை எடுங்கள்

தாத்தா இறந்து மூன்று ஆண்டுகளாகியும் அவருடைய மோரிஸ் மைனர் செந்தூலில் எங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றது. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை செய்தவர் அவர். "தீபாவளிக்குள் ஓடவில்லை என்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன்" என்றார் அப்பா. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் அந்தக் காரின் கண்ணாடியைத் துடைப்பதை அவர் நிறுத்தவில்லை.

நான் பொலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறேன். "நான் பார்க்கிறேன்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

பேட்டரி மாற்றினேன், பெட்ரோல் டாங்கியைக் கழுவினேன். என்ஜின் கிளம்பியது, கறுப்புப் புகை கக்கியது, நின்றது. சந்தேகம் கார்புரேட்டர் மேல் விழுந்தது. பெட்ரோல் சரியாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். இன்றைய கார்களில் அதைக் கணினியும் இன்ஜெக்டரும் பார்த்துக்கொள்கின்றன. அன்று அந்த வேலையைச் செய்தது கார்புரேட்டர்.

எங்கள் காரில் இருந்தது இங்கிலாந்தின் எஸ்யு கார்புரேட்டர். அதை உருவாக்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் காலணி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர்கள். தொடக்ககால எஸ்யுவில் இப்போதுள்ள பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலால் செய்த துருத்திதான் இருந்தது. அதன் தத்துவம் எளிமையானது. என்ஜின் அதிகக் காற்றை இழுக்கும்போது பிஸ்டன் மேலே எழும்புகிறது. அதன் அடியில் நுனி மெலிந்த ஊசி ஒன்று ஜெட் துளைக்குள் இறங்கியிருக்கும். பிஸ்டனோடு ஊசியும் எழும்ப, துளையின் இடைவெளி அகலமாகி, பெட்ரோலும் அதற்கேற்பக் கூடுகிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நான் அடுத்துச் செய்தது பெரிய தவறு. கார் 1958ஆம் ஆண்டு மாடல். அந்தக் காலத்து மைனரில் எச்2 வகை என்று கையேட்டில் பார்த்தேன். இரண்டு மாதப் பகுதிநேரச் சம்பளத்தைக் கொடுத்து வெளிநாட்டிலிருந்து பழுதுபார்க்கும் கிட் ஒன்றை வரவழைத்தேன். அதில் சின்னச் சின்ன கார்க் வளையங்கள் இருந்தன. அவற்றை மாட்ட என் கார்புரேட்டரில் இடமே இல்லை!

பட்டறையில் தாத்தாவோடு வேலை செய்த மாமா ஒருவர் பார்க்க வந்தார். "எதைத் திறக்கிறோம்னு தெரியாமலே திறந்திட்டியா தம்பி?" என்று கேட்டார். பிறகு அடையாளம் காணும் வழியைச் சொல்லிக் கொடுத்தார்.

முதலில் தகட்டைத் தேட வேண்டும். மிதவை அறை மூடியின் திருகில் எண் பொறித்த சிறு தகடு தொங்கும். எங்களுடையதில் அது இல்லை. அடுத்து, த்ரோட்டில் பக்கத்துத் துளையின் விட்டம். வெர்னியர் காலிப்பர் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் காட்டியது, அதாவது ஒன்றேகால் அங்குலம். எஸ்யு பெயரில் வரும் எண், ஓர் அங்குலத்துக்கு மேல் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதைக் குறிக்கிறது. கால் அங்குலம் என்றால் இரண்டு பங்கு. ஆகவே எண் 2 சரிதான். ஆனால் எச்2, எச்எஸ்2 இரண்டுக்கும் அதே அளவு!

மூன்றாவது தடயம்தான் முடிவு சொன்னது. எச்எஸ் வகையில் மிதவை அறையிலிருந்து ஜெட்டுக்கு மெல்லிய நைலான் குழாய் ஒன்று போகும். எச் வகையில் அது கிடையாது. எங்களுடையதில் குழாய் இருந்தது.

எச்எஸ்2 என்பது 1962க்குப் பிந்திய 1098 சிசி மைனரில் வந்தது. அப்படியென்றால் தாத்தா என்ஜினையே மாற்றியிருக்கிறார்! ஓடிப்போய் கார் கிராண்டை எடுத்துப் பார்த்தேன். 1098 சிசி என்று அதிலேயே தெளிவாக அச்சிட்டிருந்தது. நான் ஆண்டை மட்டும் பார்த்திருந்தேன்.

சரியான கிட் வந்த பிறகு வேலை வேகமாக நடந்தது. த்ரோட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து ஆடியது. அந்த இடைவெளி வழியாகக் காற்று கசிந்தால் ஐட்லிங் ஒருபோதும் நிலைக்காது. புதிய ஸ்பிண்டிலும் புஷ்ஷும் போட்டேன். ஜெட்டும் ஊசியும் தேய்ந்திருந்தன. துளை பெரிதானதால் பெட்ரோல் மிகுந்து வந்ததே கறுப்புப் புகைக்குக் காரணம். பிஸ்டனையும் அதன் மேல்மூடியையும் மணல் தாளால் தேய்க்கக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்த ஜோடி. துணியும் பெட்ரோலும் போதும். பூட்டியபின் பிஸ்டனைத் தூக்கி விட்டேன். 'டக்' என்று விழுந்தது. ஊசி ஜெட்டில் உரசவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசியாகக் கலவை. ஜெட் நட்டை முழுவதும் மேலேற்றி, இரண்டு சுற்று கீழிறக்கித் தொடங்கினேன். என்ஜின் சூடானதும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். என்ஜின் அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. நான்காவது முயற்சியில் திரும்பியது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. பாட்டியை முன்சீட்டில் உட்காரவைத்து, தண்டாயுதபாணி கோயில் வரை அப்பாவே ஓட்டினார். பழைய இரும்புக் கதையை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

தொலைந்துபோன தகட்டுக்குப் பதிலாக ஓர் அலுமினியத் துண்டில் 'எச்எஸ்2, 1098' என்று பொறித்து, மிதவை அறைத் திருகில் மாட்டியிருக்கிறேன். அடுத்து இதைத் திறக்கப் போகிறவர் யாரோ, அவருடைய இரண்டு மாதச் சம்பளமாவது மிஞ்சட்டும்.