வடிவதும் தணிவதும் புதைவதும்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த நாள்களில் வீடூர் அணையின் நீர் சங்கராபரணியிலும் சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையிலும் பெருகிவர, வில்லியனூர், பாகூர் பக்கத்துத் தாழ்நிலங்கள் நீரில் நின்றன. இத்தகைய நாள்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர்க்குத் திரும்பத் திரும்பக் கைகொடுப்பது 'சப்சைடு' என்னும் வினைச்சொல். வெள்ளம், புயல், காய்ச்சல், வீக்கம், கோபம், ஆரவாரம் ஆகிய அனைத்தின் குறைவையும், நிலம் கீழிறங்குவதையும் அந்த ஒரே சொல் சுமக்கிறது.

கீழே என்னும் பொருள்தரும் முன்னொட்டும் அமர்தலைக் குறிக்கும் வினையும் கூடிய இலத்தீன் சொல்லே இதன் மூலம்; கலங்கிய நீரில் வண்டல் அடியில் படிவதையும் இவ்வினை குறிப்பதற்கு அந்த அமர்தற்பொருளே காரணம். ரேஷன் கடை வரை வந்து சேர்ந்துவிட்ட 'சப்சிடி'யும் இதே வேர்க்குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், போரில் பின்னே நிறுத்தப்பட்ட துணைப்படை என்னும் பொருளிலிருந்து உதவித்தொகையாக மாறி, அது வேறு வழியில் போய்விட்டது.

தமிழில் இவற்றையெல்லாம் 'குறைந்தது' என்று பெயர்த்தால் பிழையில்லை, ஆனால் உயிரும் இல்லை. வெள்ளம் வடிகிறது, புயல் ஓய்கிறது, காய்ச்சல் தணிகிறது அல்லது விடுகிறது, வீக்கம் வற்றுகிறது, கூச்சல் அடங்குகிறது. வடிதலில் நீர் வேறோர் இடத்துக்குப் போகிறது. தணிதலில் வெம்மையும் வேகமும் இருந்த இடத்திலேயே தாழ்கின்றன. அதனால்தான் கோபம் தணியுமேயன்றி வடிவதில்லை. அதற்காகத் தமிழ் எப்போதும் நுட்பமாகப் பிரித்தே பேசும் என்று பெருமை கொள்வதும் சரியாகாது: கடல் பின்வாங்கினாலும் சாலையில் திடீர்ப் பள்ளம் விழுந்தாலும் நாளிதழ்கள் 'உள்வாங்கியது' என்றே எழுதுகின்றன.

இலக்கண நோக்கில் 'சப்சைடு' செயப்படுபொருளை ஏற்காத வினை. வெள்ளம் தானே வடியும், அதை ஒருவர் வடியச் செய்தார் என்பதற்கு அச்சொல் உதவாது. தமிழிலோ தன்வினையும் பிறவினையும் ஓரெழுத்து வேறுபாட்டில் இணைந்து நிற்கின்றன: வடிந்தது, வடித்தது, தணிந்தது, தணித்தது, அடங்கியது, அடக்கியது. சங்கராபரணியின் வெள்ளம் வடிந்ததா, வாய்க்காலை வெட்டி வடித்தார்களா என்னும் வேறுபாடு, பொறுப்பு யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறது.

நிலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் சொல்தேர்வு பெரிதும் இடறுகிறது. 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட்டில் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன. அந்நகரம் 12 நாள்களில் 5.4 சென்டிமீட்டர் இறங்கியதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் கணித்தது. இதை நிலச்சரிவு என்பது பொருந்தாது; நிலச்சரிவு என்பது சரிவில் மண் வழுக்கி விழுவது. ஜோஷிமட்டில் அளக்கப்பட்டதோ நிலம் நின்ற இடத்திலேயே கீழிறங்கும் நிலப்புதைவு. வீட்டுச்சுவர் சாயும்போது கொத்தனார் சொல்லும் 'அஸ்திவாரம் இறங்கிடுச்சு' இதற்கு மிகவும் நெருங்கிய வழக்கு.

ஆழ்துளைக் கிணறுகளை நம்பிப் பயிரிடும் புதுச்சேரிக் கிராமங்களில் 'தண்ணி கீழே போயிடுச்சு' என்று சொல்லப்படுவது நிலத்தடி நீர்மட்டத்தின் இறக்கம்; அது நிலத்தின் புதைவு அன்று. ஆனால் களிமண் படலங்கள் மிகுந்த இடங்களில் முன்னது பின்னதற்குக் காரணமாகலாம், ஜகார்த்தாவின் வடபகுதியில் நடந்ததைப் போல. மண்துகள்களுக்கு இடையே தாங்கி நின்ற நீர் உறிஞ்சப்படும்போது களிமண் அமுங்குகிறது. பின்னர் நல்ல மழை பெய்து நீர்மட்டம் ஏறினாலும், அமுங்கிய படலம் பெரும்பாலும் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை.