கொக்கலைக் களப்பில் மீண்டும் ஒரு கட்டலினா

காலி நகருக்குத் தென்கிழக்கே, கடலோர வீதியில் சுமார் 12 கிலோமீட்டர் போனால் கொக்கலை. வீதியின் ஒரு பக்கம் கடல். மறுபக்கம், தென்னைகளுக்குப் பின்னால், சிறு தீவுகள் நிறைந்த அகன்ற களப்பு. 1942இல் இந்தக் களப்பின் நீர்ப்பரப்புத்தான் பிரித்தானிய விமானப்படையின் ஓடுபாதை. தண்ணீரில் ஓடி மேலெழும்பித் தண்ணீரிலேயே வந்து இறங்கும் கட்டலினா விமானங்கள் இங்கிருந்து புறப்பட்டு இந்து சமுத்திரத்தை வேவு பார்த்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தளம் கலைந்தது. இன்று அந்தப் பக்கம் போனால் ஏற்றுமதி வலயத் தொழிற்சாலைகளும் சுற்றுலா விடுதிகளும்தான் கண்ணில் படும்.

அந்தத் தளத்தைக் கணினிக்குள் மறுபடி கட்டலாம். அழிந்துபோன விமானத் தளங்களை ஃப்ளைட் சிமுலேட்டருக்குள் மீட்டெடுக்கும் ஆர்வலர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வேலையை ‘சீனரி’ செய்வது என்பார்கள். இலங்கையின் கடல்விமானத் தளங்களுக்கும் அந்த உழைப்பு வேண்டும். மன்னார்த் தீவின் தோட்டவெளியில் இருக்கும் ஒரு மாணவராலும் அதைத் தொடங்க முடியும்.

மைக்ரோசொஃப்ட் தன் முதல் ஃப்ளைட் சிமுலேட்டரை 1982இல் வெளியிட்டது. புரூஸ் ஆர்ட்விக் எழுதிய அந்த நிரலில் மலையும் நகரமும் வெறும் கோடுகள். 2020 ஓகஸ்டில் வந்த பதிப்போ செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு முழு உலகத்தையும் விரித்துவைத்தது. மன்னார்ப் பாலமும் அதில் உண்டு, மணல் திட்டுகளும் உண்டு. ஆனால் செயற்கைக்கோளின் கண்ணுக்கு இன்றைய நிலம் மட்டுமே தெரியும். 1942இன் கொக்கலை வேண்டுமென்றால் தொழிற்சாலைக் கூரைகளை ஒவ்வொன்றாக நீக்கி, அவற்றுக்கு அடியில் இருந்ததை ஆவணங்களிலிருந்து தேடி எடுத்து வைக்க வேண்டும்.

முதலில் விமானத்தைத் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்கத் தயாரிப்பான கட்டலினாவின் இறக்கை, ஒரு நுனி முதல் மறு நுனி வரை 31.7 மீட்டர். இயந்திரங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 1,200 குதிரைவலு. வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான். ஆனால் எரிபொருளை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் வானிலேயே இருக்கும். பரந்த சமுத்திரத்தில் எதிரிக் கப்பலைத் தேட வேகத்தைவிட இந்தப் பொறுமைதான் தேவைப்பட்டது.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி விடியுமுன் கொக்கலையிலிருந்து கிளம்பிய கட்டலினா ஒன்றை ஓட்டியவர் கனடிய விமானப்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்த லெனர்ட் பேர்ச்சல். அவர் இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, மாலை வாக்கில், இலங்கைக்குத் தெற்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் அட்மிரல் நகுமோவின் யப்பானியப் படையைக் கண்டார். ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் அதில் இருந்தன. விமானத்தின் வானொலி இயக்குநர் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஸீரோ போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர்; பேர்ச்சல் உட்பட அறுவர் கைதிகளாயினர். செய்தி கொழும்பை எட்டிவிட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பு தாக்கப்பட்டபோது நகரம் தாக்குதலை எதிர்பார்த்திருந்தது. போர் முடியும்வரை யப்பானியச் சிறையில் கிடந்த பேர்ச்சல் 2004இல் காலமானார். ‘இலங்கையின் மீட்பர்’ என்று அவரை அழைப்பதுண்டு.

இந்த ஒரு நாளை மட்டும் சிமுலேட்டரில் திரும்பப் பறந்து பார்க்க வேண்டுமானாலும் புறப்படுவதற்குத் தளம் வேண்டுமே. அதைக் கட்டும் வேலை தண்ணீரில் தொடங்குகிறது. எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில் விமான நிலையங்களின் விவரம் சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். தரை நிலையம் என்றால் முதல் வரி 1 என்ற எண்ணில் தொடங்கும். கடல்விமானத் தளம் என்றால் 16. அடுத்து 101 என்ற எண்ணோடு ஒரு வரி: நீர் ஓடுபாதையின் அகலம், இரு முனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஓரங்களில் மிதவைகள் வேண்டுமா வேண்டாமா என்ற குறிப்பு. இந்த இரண்டு வரிகளை எழுதிவிட்டாலே கட்டலினா கொக்கலையில் மிதக்கத் தொடங்கிவிடும்.

பிறகுதான் சிக்கல். சிமுலேட்டர்கள் பரவலாகப் பயன்படுத்தும் நில உயரத் தரவு, 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் கொண்டு எடுத்த அளவீட்டிலிருந்து வந்தது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்த ராடார் தென்னை, பனைகளின் தலையையும் நிலத்தோடு சேர்த்துக்கொள்வதால், தட்டையான கரைகூட மேடும் பள்ளமுமாகத் தெரியும். கடல்விமானத் தளத்தில் இது சின்னப் பிழை அல்ல. விமானத்தைக் கரையேற்றும் சாய்தளம் தண்ணீருக்குள் சரியான ஆழத்தில் இறங்க வேண்டும். கணக்கு ஒரு மீட்டர் பிசகினாலும் அது அந்தரத்தில் தொங்கும், அல்லது மூழ்கிப்போகும். ஆகவே கரையைக் கையாலேயே சமப்படுத்த வேண்டும்.

சாய்தளம், மிதவைகள், எரிபொருள் கொண்டுபோகும் படகுகள், ஆட்களை ஏற்றி இறக்கும் விசைப்படகுகள் ஆகியவற்றை பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளில் வடிக்கலாம். கட்டலினாவின் முதல் வகைகளுக்குச் சக்கரமே கிடையாது. கரைக்கு இழுக்க வேண்டுமென்றால் ஆட்கள் தண்ணீரில் இறங்கி, தனிச் சக்கரங்களைக் கொண்டுவந்து பொருத்துவார்கள். இரவில் இறங்க வேண்டுமானால் படகுகளில் விளக்கேற்றி வரிசையாக நிறுத்துவார்கள். இந்த ஆட்களும் படகுகளும் இல்லாமல் கட்டடங்களை மட்டும் வைத்த சீனரி அரைகுறையானது. பழைய வான்படங்களிலிருந்து அளவெடுக்கவும் விமானமே உதவும். படத்தில் ஒரு கட்டலினா தெரிந்தால் போதும். அதன் இறக்கை 31.7 மீட்டர் என்பதை வைத்துப் பக்கத்தில் நிற்கும் கொட்டகையின் நீளத்தைச் சொல்லிவிடலாம்.

எந்தத் திகதியின் கொக்கலை என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். ஏனென்றால் தளம் வருமுன் அங்கே ஊர் இருந்தது. தளத்துக்காக மக்கள் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பிப் பிழைத்தது. இன்று அது ஒரு நாட்டார் அருங்காட்சியகத்தின் பகுதி. 2007இல் முள்ளிக்குளத்து மக்கள் வெளியேறியதையும் பிறகு அங்கே கடற்படை நிலைகொண்டதையும் கண்ட மன்னார் வாசகருக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல. தளத்தை மீட்கும் ஒருவர் அந்த வீட்டையும் அதே இடத்தில் வைக்க வேண்டும். முடிந்தால், தளத்துக்கு முந்திய ஊரை இன்னொரு அடுக்காகச் செய்து, பறப்பவர் திகதியை மாற்றிப் பார்க்க விட வேண்டும். மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய நில அளவைத் தாள்கள் அதற்கு உதவும். வெற்றுக் களப்பில் விமானங்கள் மட்டும் மிதக்கும் சீனரி எத்தனை அழகாக இருந்தாலும் அது கொக்கலை ஆகாது.

போரின் பிற்பகுதியில் இதே களப்பு இன்னொரு சாதனையைப் பார்த்தது. சிங்கப்பூர் விழுந்து அவுஸ்திரேலியாவுக்கான வான்வழி அறுந்திருந்த நிலையில், 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கொக்கலைக்குக் கட்டலினாக்களை ஓட்டியது. இடையில் எங்கும் இறங்காமல் சுமார் 5,600 கிலோமீட்டர். எதிரி கேட்டுவிடக் கூடாது என்று வானொலி மௌனம். திசை காட்ட நட்சத்திரங்கள். பயணிகள் அதிகம் போனால் மூவர். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டதால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயர் வந்தது. 1945 ஜூலை வரை 271 தடவை கடந்தார்கள். ஆக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். சிமுலேட்டரில் நேரத்தை வேகப்படுத்தும் வசதி உண்டு. அதைத் தொடாமல், நட்சத்திரங்களைப் பார்த்தே ஒரு முறையாவது போய்ப் பார்த்தால்தான் அந்த மனிதர்களின் அயர்ச்சி கொஞ்சமாவது விளங்கும்.

வடக்கு, கிழக்கில் உள்ளவர்களுக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது திருகோணமலைச் சீனக்குடா. 1942 ஓகஸ்டில் அங்கே உருவான 321ஆம் அணி, யாவாத் தீவு விழுந்தபின் தப்பி வந்த டச்சுக் கடற்படை விமானிகளால் ஆனது, அவர்களிடமும் கட்டலினாக்கள்தான். தளத்தையொட்டிய காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதித் தாக்குதலில் யப்பானிய விமானமொன்று மோதி ஒரு குதம் எரிந்தது. சீனரி செய்பவருக்கு இது பெரிய வசதி. நிற்கும் குதங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்திலிருந்தே அளந்துவிடலாம். எரிந்ததை ஏப்ரல் 9க்கு முந்திய அடுக்கில் முழுதாக வைக்கலாம்.

தோட்டவெளியிலிருந்து சீனக்குடா நேர்கோட்டில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கட்டலினாவின் வேகத்தில் முக்கால் மணி நேரப் பறப்பு. வேலையைத் தொடங்கப் பெரிய பணம் தேவையில்லை. ஃப்ளைட்கியர் என்ற திறந்தமூலச் சிமுலேட்டரும் உலகெங்கும் தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் வரைபடமும் இலவசம். சீனக்குடாவை எழுபது, எண்பது வருடங்களுக்கு முன் கண்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். தூர தேசத்து ஆர்வலருக்கு இல்லாத வாய்ப்பு அது.

1942க்குரிய சீனரி என்றால் மன்னாரின் சொந்தக் கரையும் மாற வேண்டும். அதன் எதிர்க்கரையும்தான்: இன்றைய வரைபடத்தில் தனுஷ்கோடி ஓர் இடிபாடு; 1942இல் அது ரயில் போன ஊர். தலைமன்னார் இறங்குதுறைக்கும் அதற்கும் இடையே இர்வின், கோஷன் என்னும் நீராவிக் கப்பல்கள் ஓடிய காலம் அது. 1964 டிசம்பர்ப் புயல் அந்த வழியை முடித்துவைத்தது. இறங்குதுறையில் எடுத்த பழைய படம் யார் வீட்டிலாவது இருந்தால், அதில் தண்டவாளம் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தலைமன்னார்ப் பக்கம் இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி 1,676 மில்லிமீட்டர். தனுஷ்கோடிப் பக்கம் 1,000. அந்த ஒரு அளவு கிடைத்தால் துறையின் அகலம், கூரையின் உயரம், பக்கத்தில் கட்டியிருக்கும் கப்பலின் உயரம் என்று மற்றவற்றைக் கணக்கிட்டு வரையத் தொடங்கலாம்.