22½ லிட்டர் வாங்கினால் தகட்டில் நிற்பது 4.4

வண்டியின் நீளம் 7 மீட்டர், அகலம் 2, தகட்டின் உயரம் 2. இரண்டு பக்கமும் சேர்ந்து 28 சதுர மீட்டர், முன்னும் பின்னும் 8, கூரை 14. கூட்டினால் 50. கண்ணாடிக்கு 10 கழித்தால், பெயிண்ட் ஏற வேண்டிய பரப்பு 40 ச.மீ. ஷூட்டிங்கில் நிற்கும் கேரவனோ, பொன்னேரி, கவரைப்பேட்டை பக்கமிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வேனோ, தகடு தகடுதான். பத்துப் பன்னிரண்டு வயதில் இரண்டுக்கும் ஒரே நோய் வரும். கூரையிலும் பானெட் விளிம்பிலும் கிளியர் கோட் வெளுத்து, பொக்கு விட்டு, நகத்தால் நெம்பினால் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வரும்.

கிளியரில் நிறமி கிடையாது. புற ஊதாக் கதிரைத் தாங்க அதில் கலந்திருக்கும் மருந்து ஆண்டுக்காண்டு தீர்ந்துகொண்டே போகும். தீர்ந்த பிறகு வெயில் ஊடுருவி, அடியிலிருக்கும் பேஸ் கோட்டின் மேற்பரப்பைப் பொடியாக்கும். கிளியர் பற்றியிருந்த இடமே பொடியாகிவிட்டால் எதைப் பிடித்து நிற்கும்? கும்மிடிப்பூண்டியில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும் உள்ள இடத்தில் நிறுத்தும் வண்டிமேல் இரும்புத் துகள் படியும். இரவுப் பனியில் அது துருவேறிச் செம்புள்ளியாகக் கிளியருக்குள் இறங்கும். பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இனி பெயிண்ட் எவ்வளவு என்று பார்ப்போம். சூத்திரம் எளிது. கலந்த பெயிண்டில் காய்ந்தபின் மிஞ்சும் கெட்டிப்பொருள் சதவீதத்தை 10-ஆல் பெருக்கி, வேண்டிய கனத்தை மைக்ரானில் வைத்து வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை ச.மீ. மூடும் என்று வரும். கிளியரில் கெட்டிப்பொருள் 40 சதவீதம், கனம் 50 மைக்ரான் என்றால் 8 ச.மீ. இது ஏட்டுக் கணக்கு. ஸ்ப்ரே கன்னிலிருந்து பாதி காற்றோடு போகிறது என்று வைத்தால் கைக்கு வருவது 4 ச.மீ. கெட்டிப்பொருள் சதவீதம் பெயிண்டுக்குப் பெயிண்ட் மாறும்; நான் எடுத்திருக்கும் சதவீதங்கள் நடுத்தரமானவை. உங்கள் டப்பாவின் டேட்டா ஷீட்டில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். விலையும் அப்படியே, கணக்குக்காக வைத்தது, வரி உட்பட.

சர்பேசர் (அடிப்பூச்சு), 40 ச.மீ., 50 மைக்ரான்: 8 லிட்டர் × 600 = ரூ.4,800
பேஸ் கோட், கூரை நீங்கலாக 26 ச.மீ., 15 மைக்ரான்: 5.2 லிட்டர் × 1,200 = ரூ.6,240
கிளியர், அதே 26 ச.மீ., 50 மைக்ரான்: 6.5 லிட்டர் × 1,000 = ரூ.6,500
கூரைக்கு வெள்ளை பி.யு. (பாலியூரித்தேன்), 14 ச.மீ., 50 மைக்ரான்: 2.8 லிட்டர் × 900 = ரூ.2,520

ஆக 22.5 லிட்டர், ரூ.20,060. இதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் ரூ.3,060. 2018 ஜூலை 27-க்கு முன்பு பெயிண்டுக்கு 28 சதவீதம். அந்த விகிதம் நீடித்திருந்தால் வரி ரூ.4,760 ஆகியிருக்கும்.

கூரைக்குக் கிளியரே வைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். முதலில் உரிவது அங்கே, யாரும் ஏறிப் பார்க்காததும் அங்கேதான். பேஸ், கிளியர் இரண்டும் அடித்தால் கூரைக்கு மட்டும் 6.3 லிட்டர் போகும். ஒரே அடுக்கு வெள்ளைக்கு 2.8 போதும். வெள்ளை நிறமியே வெயிலைத் தடுக்கும். வெளுத்தாலும் பாலிஷில் மீட்கலாம், தோலாக உரியாது. உள்ளே சூடும் குறையும். பளபளப்பு வேண்டுமென்பவர்கள் பக்கவாட்டில் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த 22.5 லிட்டரில் காய்ந்து தகட்டில் நிற்பது எவ்வளவு? சர்பேசர் 2 லிட்டர், கிளியர் 1.3, வெள்ளை 0.7, பேஸ் 0.39. மொத்தம் 4.4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மீதி 18 லிட்டர் தின்னராக ஆவியாகிறது, அல்லது ஷெட்டின் சுவரிலும் பெயிண்டரின் நெஞ்சிலும் படிகிறது. பி.யு. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். பழகப் பழக ஆஸ்துமாவில் கொண்டுபோய்விடும். மூக்கில் கட்டிய கைக்குட்டை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் சரி. குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் கன் 65 சதவீதத்தைத் தகட்டில் சேர்த்தால், இதே வேலை 17.3 லிட்டரில் முடியும்.

ஆள்கூலிக்கு வருவோம். உரியும் கிளியரை எடுக்க ஒரு ச.மீ.க்கு ஒரு மணி நேரம் வைத்தால் 40 மணி. பட்டி பார்த்துச் சமன்செய்ய 16, சர்பேசர்மேல் வாட்டர் பேப்பர் போட 24, டேப் ஒட்டி மறைத்து அடிக்க 16. மொத்தம் 96 மணி. எட்டு மணிக் கணக்கில் 12 ஆள்நாள். நாளுக்கு ஆயிரம் என்றால் ரூ.12,000. இதில் கன்னைப் பிடிக்கும் வேலை 2 ஆள்நாள்தான். மற்ற 10-ம் தேய்ப்பு. பட்டி, தாள், டேப், தின்னருக்கு ரூ.5,000 சேர்த்தால் முழு வேலை ரூ.37,060.

மலிவாக முடித்துத் தருகிறோம் என்கிற இடங்களில் காணாமல் போவது அந்தப் பத்து நாள்தான். “மேலே ஒரு கோட் விட்டுடலாம் சார், எஃப்.சி.க்கு அது போதும்.” ரூ.27,060-இல் முடியும், வண்டியும் பளபளவென்று நிற்கும். ஆனால் புதுக் கிளியர் பற்றியிருப்பது பழைய உரிசலை. அது கழன்றால் இதுவும் சேர்ந்தே வரும். இப்படி அடித்தது இரண்டு ஆண்டு தாங்குகிறது என்றே வைப்போம். தேய்த்து அடித்தது 2 ஆண்டு 9 மாதம் தாண்டினாலே செலவு சமன். அதற்குமேல் ஓடுவதெல்லாம் லாபம். எட்டு வயதைக் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. ஒவ்வொரு தடவையும் 50 மைக்ரான் ஏற்றினால் பத்து ஆண்டில் அரை மில்லிமீட்டர். 40 ச.மீ.க்கு அது 20 லிட்டர் காய்ந்த பெயிண்ட், லிட்டருக்கு 1.3 கிலோ வைத்தால் 26 கிலோ. அவ்வளவு கனம் தகட்டோடு நீண்டு சுருங்க மாட்டாமல் வெடிக்கும்.

தேய்ப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதை நின்று பார்த்தே சொல்லலாம். ஈரத் தாளுக்கடியில் வெள்ளைப் பால் வழிந்தால் வெட்டுப்படுவது கிளியர். பாலில் வண்டியின் நிறம் கலந்தால் பேஸ் கோட் வந்துவிட்டது. உரிந்த இடத்தின் விளிம்பில் விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது. தட்டினால் அடித்தபின் அந்தக் கோடு அப்படியே தெரியும். ஃபைபர் பகுதி இருந்தால் ரிமூவர் தடவவே விடாதீர்கள், ஃபைபரையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பள்ளி வண்டியாக ஓடிக் கைமாறிய வேன் என்றால் அடியில் பழைய மஞ்சள் இருக்கும். அந்த மஞ்சளில் ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். ஈயத்தை 90 பி.பி.எம்.-க்குள் அடக்கிய 2016-ஆம் ஆண்டு விதி வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்கு மட்டும்தான். வண்டிப் பெயிண்ட் அதில் வராது. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் நேராக மூச்சுக்குள் போகும். தண்ணீர் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும், வழிந்த சேற்றையும் சாக்கடையில் விடாமல் அள்ள வேண்டும்.

எந்த மாதம் விடுவது என்பதற்கும் எண் இருக்கிறது. காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடத் தகட்டின் சூடு 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை 26.2, அடிக்கலாம். ஐப்பசி மழை ஓய்ந்த மாலையில் 25 டிகிரி, 95 சதவீதம் என்றால் பனிநிலை 24.1. இடைவெளி ஒரு டிகிரிகூட இல்லை, கிளியர் பால் பூத்துவிடும். எஃப்.சி. தேதி ஐப்பசி, கார்த்திகையில் விழுகிற வண்டிக்கு ஆனியிலேயே பெயிண்டை முடித்துவிட்டு, தேதி வரும்போது வெறுமனே கழுவிக்கொண்டு போகலாம்.