உங்களுக்குத் தெரியுமா? வீட்டில், பிளாஸ்டிக்கில், ஒரு சிப்

சென்னையின் பாடி மேம்பாலத்தைச் சுற்றி லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று ஆலைகள். கொஞ்சம் தள்ளிப் போனால் அம்பத்தூர் எஸ்டேட். பொருள் செய்தே பழகிய வட்டாரம் இது. இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "கம்ப்யூட்டர் சிப்பை வீட்டிலேயே பிளாஸ்டிக் தாளில் செய்ய முடியுமா?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு முழு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

● வீட்டில் சிப் செய்த ஆள் இருக்கிறார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பள்ளி மாணவராக இருந்த சாம் ஸெலூஃப், பெற்றோரின் கார் ஷெட்டில் 2018இல் ஒரு சிப்பைச் செய்து முடித்தார். அதில் 6 டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்சுகள். 2021இல் அடுத்ததைச் செய்தபோது ஒரே சிப்பில் 100. சாதாரண புரொஜெக்டரையும் மைக்ராஸ்கோப்பையும் இணைத்து, வடிவத்தைச் சுருக்கிப் பதித்தார். ஆனால் அவர் பயன்படுத்தியது சிலிக்கான். அதில் வேண்டிய கலப்புப் பொருளை ஊடுருவச் செய்ய, 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும் உலை வேண்டும்.

● பிளாஸ்டிக்குக்கு முதல் தடை அந்தச் சூடுதான். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். 260ஐ நெருங்கும்போது உருகிவிடும். பழுப்பு மஞ்சள் நிறத்தில் இருக்கும் பாலிஇமைடு தாள் 400 வரை தாங்கும். அதுவும் சிலிக்கான் உலைக்குப் போதாது. ஆகவே சூடு கேட்காத வேறு குறைகடத்தியைத் தேட வேண்டியிருந்தது. 2004இல் ஜப்பானின் ஹிடியோ ஹொசோனோ குழு, இண்டியம், காலியம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த ஆக்சைடை அறை வெப்பத்திலேயே பெட் தாளின் மேல் படிய வைத்து, வளையும் டிரான்சிஸ்டரைச் செய்து காட்டியது. இன்று பெரிய ஓஎல்இடி டிவிகளின் திரைக்குப் பின்னால் வேலை செய்வது இதே ஆக்சைடுதான்.

● பிளாஸ்டிக் கம்ப்யூட்டர் சிப் ஏற்கெனவே பிறந்துவிட்டது. 2011இல் பெல்ஜியத்தின் ஐமெக் நிறுவனமும் கூட்டாளிகளும் ஏறத்தாழ 4,000 கரிம டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 8 பிட் புராசஸர் செய்தார்கள். 2021 ஜூலையில் ஆர்ம், பிராக்மாட்டிக் என்ற இரண்டு பிரிட்டிஷ் நிறுவனங்கள் 32 பிட் 'பிளாஸ்டிக் ஆர்ம்' சிப்பை வெளியிட்டன. பாலிஇமைடு தாளின் மேல் 59.2 சதுர மில்லிமீட்டர் பரப்பு, 39,157 டிரான்சிஸ்டர்கள். வேகம் அதிகபட்சம் 29 கிலோஹெர்ட்ஸ். 1971இல் வந்த இன்டெல் 4004இல் இருந்தவை வெறும் 2,300 டிரான்சிஸ்டர்கள். ஓட்டமோ 740 கிலோஹெர்ட்ஸ். ஐம்பது வருஷம் கழித்து வந்த பிளாஸ்டிக் சிப் அதைவிட 25 மடங்கு மெதுவு. பால் பாக்கெட் கெட்டுவிட்டதா என்று பார்த்துச் சொல்ல இந்த வேகமே தாராளம் என்பதுதான் செய்தவர்களின் வாதம், எனக்கும் அது சரியென்றே படுகிறது.

● பிளாஸ்டிக் ஆர்ம் சிப் தின்னும் 21 மில்லிவாட் மின்சாரத்தில் பெரும்பகுதி, எந்தக் கணக்கும் போடாமல் சும்மா இருக்கும்போதே வீணாகிறது. சிலிக்கானில் இரண்டு வகை டிரான்சிஸ்டர்களை ஜோடி சேர்ப்பார்கள். ஒன்று திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும், கசிவு குறையும். மேலே சொன்ன ஆக்சைடில் ஒரு வகைதான் நன்றாக வரும். ஜோடிக்குப் பதில் ரெசிஸ்டரை வைக்கிறார்கள். ரெசிஸ்டருக்கு மூடத் தெரியாது.

● பிளாஸ்டிக் ஆர்ம் சிப்பின் நுணுக்கம் 0.8 மைக்ரான். நம் நாடு இதைத் தொட்டுப் பல காலமாகிறது. மொஹாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984இல் 5 மைக்ரானில் உற்பத்தியைத் தொடங்கி, 1989இல் தீ விபத்தில் பெரும் சேதம் கண்டு, மீண்டெழுந்து 0.8 வரை வந்தது. 2025 பிப்ரவரியில் ஐஐடி மெட்ராஸும் இஸ்ரோவும் அறிவித்த 'ஐரிஸ்' சிப், கிண்டியில் வளர்ந்த 'சக்தி' வடிவமைப்பைக் கொண்டது. அதே மொஹாலியில் 0.18 மைக்ரானில் செய்யப்பட்டது. வளையும் எலெக்ட்ரானிக்ஸுக்கென்று கான்பூர் ஐஐடியில் தேசிய மையமே இருக்கிறது.

● வீட்டில் செய்பவரைத் தோற்கடிப்பது நுணுக்கம் மட்டுமல்ல, ஒருசீர்மையும்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கை அவ்வளவு சுத்தம். ஆயிரம் டிரான்சிஸ்டரில் ஒன்றுதான் பழுது என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் 2,300 டிரான்சிஸ்டர் கொண்ட சிப்பைச் செய்தால், பத்தில் ஒன்றுதான் முழுதாக வேலை செய்யும். பத்தாயிரத்தில் ஒன்று பழுது என்றால் பத்தில் எட்டு தேறிவிடும். ஒரு தூசி, ஒரு குமிழி, ஒரு விரல் ரேகை, இவற்றைத் தடுக்கத்தான் ஆலைகள் கோடி கோடியாகக் கொட்டுகின்றன.

● ஃபெரிக் குளோரைடை வாங்கி, லேசர் பிரிண்ட் எடுத்த வழவழப்புத் தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, வீட்டிலேயே பிசிபி என்ற சர்க்யூட் பலகை போடும் பிள்ளைகள் உண்டு. அதே துணிச்சலில் சிலிக்கான் பக்கம் போய், அந்த வேலைக்குப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத் தொட்டுவிடாதீர்கள். நீர்த்த அமிலம் பட்ட உடனே வலிக்காது. தோல் வழியாக உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. இது வீட்டுச் சரக்கே அல்ல.

● கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலேயே டிரான்சிஸ்டர் அடித்துவிட்டார்கள், தெரியுமா? சுவீடனின் நோர்ஷப்பிங் நகரில் இருக்கும் ஆய்வாளர்கள், ஒவ்வொரு அடுக்கையும் பிளாஸ்டிக் தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் வழியாகவே இட்டு, நூற்றுக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் கொண்ட சுற்றுகளை 2019இல் வெளியிட்டார்கள். எண் காட்டும் திரையை இயக்கும் சுற்றும் அதில் ஒன்று. எனக்கு இந்தச் செய்தியில் ஆலைச் செய்திகளைவிட அதிக மகிழ்ச்சி. மெஷ்ஷில் எமல்ஷன் தடவி, வெளிச்சம் காட்டி, கழுவி, ஸ்கீஜியை இழுப்பது நம் ஊர் பிரிண்டருக்குக் கைவந்த வேலை. வாஷிங் மெஷினின் பட்டன் பலகைக்குப் பின்னால் பாலியெஸ்டர் தாளில் ஓடும் வெள்ளிக் கோடுகளும் இதே முறையில் அச்சானவைதான். பாடி மாதிரி ஊருக்கு பிளாஸ்டிக் சிப் வந்து சேர வழி உண்டென்றால், அது 1,000 டிகிரி உலை வழியாக அல்ல, இந்த ஸ்கிரீன் வழியாகத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

● அந்தச் சுவீடன் டிரான்சிஸ்டரின் உயிர் பெடாட் என்ற மின்கடத்தும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்தும் என்று காட்டிய ஷிரகாவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவருக்கும் 2000இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்த வகை டிரான்சிஸ்டரை மேசை மேலேயே செய்யலாம். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கென்று வரும் பெடாட் பசையை ஓஎச்பி தாளில் மெல்லிய கோடாக இழுத்து நன்றாக உலர்த்துங்கள். இரு முனைகளிலும் வெள்ளிப் பசை வைத்து, அதன் மேல் நீர் படாதபடி நெயில் பாலிஷ் பூசுங்கள். நடுவில் ஒரு சொட்டு உப்புநீர். அந்தச் சொட்டில் ஒரு வெள்ளிக் கம்பியை நுழைத்தால் டிரான்சிஸ்டர் தயார். கோட்டின் இரு முனைகளுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டம் ஓடவிடுங்கள். கம்பிக்கு ஒரு வோல்ட்டுக்குள் நேர் மின்னழுத்தம் கொடுத்ததும், உப்பின் சோடியம் அயனிகள் பிளாஸ்டிக்குக்குள் புகுந்துவிடும், கோட்டில் ஓடும் மின்னோட்டம் சரியும், சொட்டின் அடியில் வெளிர் நீலம் அடர் நீலமாகும். டிரான்சிஸ்டர் மூடிக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிலிக்கானில் இந்தக் காட்சி கிடைக்காது.

● அடுத்த படி கடினம். இந்த டிரான்சிஸ்டர் ஒன்றின் வெளியீட்டை அப்படியே அடுத்ததற்குக் கொடுத்தால் மின்னழுத்தம் பொருந்தாது. இடையில் ரெசிஸ்டர்களை அடுக்கி அதை நகர்த்திக் கொடுக்க வேண்டும். அது சரியாக வந்தால் ஒரு 'நாட்' கேட், அதாவது 1ஐ 0 ஆகவும் 0ஐ 1 ஆகவும் மாற்றும் சுற்று. இரண்டு நாட் கேட்டுகளை வட்டமாக இணைத்தால் ஒரு பிட் நினைவில் நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க, பிளாஸ்டிக் ஆர்ம் சிப்பின் ரேம் முழுவதும் 128 பைட், அதாவது 1,024 பிட்.